சைரனுக்கு விலகாதவன்

மச்சினன் அனுப்பிய வீடியோவில்
மலை நடுவே ஏரி, ஏரி நடுவே பலகை,
பலகையில் ஒருவனும் நாயும்.

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது.
உயரம் வேண்டுமென்றால் பாம்பன் பாலத்தில் ஏறி
லாரிக்கு ஒதுங்கி நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.
ஏரி என்ற சொல்லும் இல்லை. கண்மாய்.
வருடத்தில் பாதி நாள் அதில் கிரிக்கெட்.

ஆனாலும் சித்திரை பிறந்து
கச்சான் இன்னும் எழாத இந்தப் பத்துப் பதினைந்து நாள்
பிரப்பன்வலசையில் விடியற்காலைக் கடல்
தட்டில் ஊற்றி ஆறவிட்ட கஞ்சியாய்
ஆடை கட்டிக் கிடக்கும்.
விசைப்படகெல்லாம் தடைக்காலத்தில்.

ஆல்ட்ரின் பலகையை இழுத்துப் போட்டான்.
"நாயுமாண்ணே?"
நாயும்தான்.
"காத்து திரும்பிச்சுன்னா நிக்காதீங்க, படுத்துக்கங்க.
ரெண்டு பேருமே."

போன ஐப்பசியில், உச்சிப்புளி தாண்டி,
பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, எட்டு மாதம், ரத்தம்,
நூற்றெட்டு தன் முழுத் தொண்டையையும் திறந்திருக்க
நடுரோட்டில் படுத்திருந்தான் இவன்.
விளக்கு, ஹாரன், என் வாயில் வந்த கெட்ட வார்த்தை
ஒன்றுக்கும் அசையவில்லை.
பிரேக் அடித்தேன்.
சக்கரம் தார் தேய்த்த அதிர்வில்தான்
தலையைத் தூக்கிப் பார்த்தான். வாலை ஆட்டினான்.
குழந்தை ராமநாதபுரம் போய்த்தான் பிறந்தது. பெண்.
திரும்பி வரும்போது அதே இடத்தில் இருந்தான்.
கதவைத் திறந்ததும் ஏறிக்கொண்டான்,
முன்பதிவு செய்தவன் மாதிரி.

காது கேட்காது என்றார் மாட்டு டாக்டர்.
கூப்பிட முடியாதவனுக்குப் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டேன்.
பிறகு வைத்தேன், அடுத்தவரிடம் சொல்வதற்காக:
ஜமீன்.

முதலில் நாலு காலையும் அகட்டி நின்றான்
வளைவில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டராக.
ஐம்பது துடுப்பு தள்ளியபின் உட்கார்ந்தான்.
கீழே கடல்தாழை ஒரே பக்கமாய்ச் சாய்ந்து வயல்போல.
ஒரு நட்சத்திர மீன்.
யாரோ தொலைத்த ரப்பர் செருப்பு, இடது.
மணலில் எங்கள் நிழல்
எங்களைவிட நேராகப் போனது.

பதினோரு வருடமாய்ச் சத்தத்தை ஓட்டிப் பிழைக்கிறேன்.
மிக்ஸி ஓடினால்கூட வீட்டில் யாரோ சாகக் கிடப்பதாய் எழுந்திருக்கிறேன்.
கரையில் சேவல், ஒலிபெருக்கி, பஸ் என்று
ஒவ்வொன்றாய்ப் பின்னால் உதிர,
ஓரிடத்தில் துடுப்பை எடுத்து மடியில் வைத்தேன்.
சொட்டுவதும் நின்றது.

எனக்கு இது வாடகைக்கு, மணிக்கணக்கில்.
அவன் இதிலேயே குடியிருக்கிறான்.

அப்போது எழுந்தான்.
நாலு பாதமும் பலகையில் அழுந்த, மூக்கு கிழக்கே.
கழுத்து முடி நின்றது.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
இருபத்தாறு நொடி கழித்துத்தான்
ஒரு வத்தையின் மோட்டார், கொசு அளவு.

உள்ளங்காலால் கேட்டிருக்கிறான்.
அதை யோசித்துக்கொண்டே நின்றதால்
வத்தை தள்ளிய அலையைப் பார்க்கவில்லை.
விழுந்தேன். உப்பைக் குடித்தேன்.
எத்தனையோ பேரைக் கத்தாதே என்று அதட்டியவன்
கத்தினேன்.

நண்டு வலைக்காரர் மோட்டாரை அணைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்:
"எந்திரிச்சு நில்லுங்க தம்பி. இடுப்புத் தண்ணிதான்."

நின்றேன். இடுப்புக்கும் வரவில்லை.

ஜமீன் பலகையில்தான் இருந்தான், ஒரு சொட்டு நனையாமல்.
என் வாய் திறந்து மூடுவதைப் பார்த்து
உச்சிப்புளி ரோட்டில் ஆட்டிய அதே வாலை
அதே மாதிரி ஆட்டினான்.

கச்சான் முதல் மூச்சு விட்டது.
படுக்கவில்லை. இறங்கியே நடந்தேன்.
ஸ்ட்ரெச்சர் தள்ளிப் பழகிய கை
பலகையின் விளிம்பைத் தானே பிடித்துக்கொண்டது.
மேலே, எங்கும் போய்ச் சேர அவசரமில்லாத ஒருவன்.
பத்து மணிக்கு டூட்டி. தாழை காலைச் சுற்றியது.

கரையிலிருந்து ஆல்ட்ரின் கையை வீசி என்னவோ சொன்னான்.
காதில் தண்ணீர்.
எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.